தும்புக்கு மன்னிப்பு, எஞ்சினுக்கு இல்லை

என் ஆசை அக்கா,

வழக்கு முடிந்துவிட்டது. அப்படித்தான் சொல்கிறார்கள். தீர்ப்பு எதுவும் வரவில்லை. உன்மேல் வழக்குப் போட்ட பாடகரின் பக்கத்தார் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், நீதிபதி ஏதோ சுருக்கமாகச் சொல்லிக் கோப்பை மூடினார். நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். எழுந்து போகலாமா, இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று தெரியாமல், அடுத்த வழக்கு பாதி போகும் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உன்னை அறியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்காதே. நான் பிழையாகச் சொன்னால் இடையில் குறுக்கிட்டுத் திருத்த நீ இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குக் கிட்ட நாம் இருவரும் நடத்திய கொமினிகேஷன் கடையை ஊரில் பலருக்குத் தெரியும். போட்டோக் கொப்பி, தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புவது. அத்தான் காலமானபிறகு நீ என்னோடு வந்து இருந்தாய், கடையும் நம் இருவருக்கும் ஆனது. ஊராரின் முறைப்பாடெல்லாம் நம் மெஷினுக்குள்ளால்தான் போய் வரும். தண்ணீர் வராத வீடு, உறுதிப் பத்திரம் கிடைக்காத காணி, பேர் விடுபட்ட பட்டியல். நீ கொப்பி எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாய்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் குசினி மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, தலையைப் படிய வாரி, முதுகை நிமிர்த்தி உட்காருவாய். நான் போனைப் பிடிப்பேன். "வணக்கம். குசினிச் செய்திகள். வாசிப்பது தவமணி." முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பு இருக்காது. "திருகோணமலை நகர வீதிகளில் திரியும் மான்களுக்கும் மாடுகளுக்கும் இடையிலான எல்லைப் பேச்சுவார்த்தை பஸ் நிலையத்தில் தோல்வியில் முடிந்தது. இரு தரப்பினரும் வீதியிலேயே படுத்துவிட்டனர்." பின்னால் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். எனக்குக் கை நடுங்கும், சிரிப்பை அடக்கி அடக்கி. ஊரில் தொடங்கி, கடல் கடந்து போனவர்கள் வரைக்கும் நம் வீடியோவைப் பார்த்தார்கள்.

எஞ்சின் கதையை நமக்குக் கொண்டுவந்தது நசீர். குச்சவெளியில் கடலுக்குப் போகிற மனிதர், உனக்குத் தம்பி வயது. புயலில் அந்தக் கரையில் பல வள்ளங்களின் எஞ்சின்கள் பழுதாகிப் போயிருந்தன. பெயர் பெற்ற பாடகர் ஒருவர், இந்த மண்ணில் பிறந்து வெளிநாட்டில் வாழ்கிறவர், மீனவர்களுக்கு எஞ்சின் கொடுப்பதாக அறிவித்துக் கமராக்களோடு வந்து இறங்கினார். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பயத்தில் அல்ல. இதை வாசிப்பவர்கள் அவரைத் தேடிப் போய் வசை எழுதக் கூடாது என்றுதான்.

நசீர் அடையாள அட்டைக் கொப்பிக்காக வந்து நின்று, தானும் சிரித்துக்கொண்டு சொன்னார். "புது எஞ்சின் அக்கா. என்னக் கட்டிப் புடிச்சிப் படம் எடுத்தாங்க. எஞ்சினயும் கட்டிப் புடிக்கச் சொன்னாங்க. படம் முடிஞ்ச ஒடன அதே லொறியில ஏத்திட்டாங்க. கேட்டா, பேப்பர் வேல இரிக்கி, அடுத்த மாசம் வருமாம்." சிரித்து முடித்தபின் அவர் கண்ணைத் துடைத்தார். நீ கவனித்தாய்.

"தம்பி, நான் இதைச் செய்தியில சொல்லட்டா?" என்று கேட்டாய்.

"சொல்லுங்க அக்கா. என்ட பேர மட்டும் போட்டுடாதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை நீ வாசித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. "குச்சவெளிக்கு விஜயம் செய்த எஞ்சின்கள், மீனவர்களைக் கட்டியணைத்துப் படம் எடுத்துக்கொண்டபின், பிரயாணக் களைப்புக் காரணமாக அதே லொறியில் கொழும்பு திரும்பின. எஞ்சின்களின் உடல்நிலை சீராக இருப்பதாக லொறிச் சாரதி தெரிவித்தார்." அதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்குமோ? நீ கலைச் செய்தி என்று சொல்லி, தேங்காய் நாரான தும்பில் ஒரு பிடியை எடுத்துத் தலையில் வைத்து, அவருடைய பாட்டு ஒன்றின் ஒரு வரியைப் பாடினாய். மேசை விசிறியைத் திருப்பினாய். தும்பு பறந்தது. அவருடைய தலைமுடி சொந்த முடி அல்ல என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வீடியோ நம் மற்றெல்லா வீடியோக்களையும்விட அதிகம் பரவியது. நாம் சந்தோசப்பட்டு முடிப்பதற்குள் வசை வரத் தொடங்கியது. கைம்பெண்ணுக்கு என்ன கூத்து என்றார்கள். அதைவிடக் கேவலமானவற்றையும் எழுதினார்கள். நீ வாசித்துவிட்டு, "எழுத்துப் பிழை கனக்க இருக்கு" என்று மட்டும் சொன்னாய். பிறகு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. எஞ்சின் செய்தி பொய், பாடகரின் நற்பெயர் கெட்டுவிட்டது, வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தரவேண்டும் என்று எழுதியிருந்தது. தும்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதை நாம் அப்போது யோசிக்கவில்லை. நீ எதையும் நீக்கவில்லை, அவர்கள் வழக்குப் போட்டார்கள்.

நமக்காக வந்தவள் ஜெயந்தி. உன்னோடு படித்த சிநேகிதியின் மகள், நம் ஊர் நீதிமன்றத்திலேயே சட்டத்தரணி. கடைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலில் கேட்டது ஒன்றுதான். "அன்ரி, எஞ்சின் திரும்பிப் போனதெண்டு கோட்டில வந்து சொல்ல ஒரு ஆள் வேணும். ஆர் இருக்கினம்?"

நீ நசீரைக் கூப்பிட்டாய். அவர் வந்தார், ஆனால் உள்ளே வராமல் வாசலில் நின்றார். "அக்கா, எனக்குப் பொய் சொல்ல ஏலாது. உண்மையச் சொன்னா எஞ்சின் வராது. அவங்கட ஆக்கள் வந்து சொல்லிட்டுப் போனாங்க, வாய மூடிட்டு இருந்தா எல்லாருக்கும் வரும் எண்டு. எனக்கு மட்டுமெண்டா பரவால்ல. மத்த வள்ளக்காரரும் இரிக்காங்க." ஜெயந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "நீங்கள் போங்கோ தம்பி. எஞ்சின் வரட்டும். அதுதான் எனக்கும் வேணும்." அவர் போனபிறகு ஜெயந்தி உன்னோடு சண்டை பிடித்தாள். சாட்சி இல்லாத உண்மையை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று கேட்டாள். நீ அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாய்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு மழைக் காலை, வயதான அம்மா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்து அடையாள அட்டையை நீட்டினார். நீ கொப்பி எடுத்துக் கொடுத்தாய். அவர் போகவில்லை.

"நீங்கள்தானே செய்தி வாசிக்கிறது?"

"ஓம் அம்மா."

"நான் அவன்ர அம்மா."

நான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்தேன். பாடகரின் தாய் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. உன்னைத்தான் பார்த்தார்.

"எஞ்சின் கதைக்கு நானும் சிரிச்சனான், பிள்ளை. பொய் சொல்லக் கூடாது. அது அவன் செய்த வேலை, அவன்தான் பதில் சொல்ல வேணும். பிறகு அந்தத் தும்பைப் பாத்தன்."

அதற்குப் பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். அந்தத் தலைமுடிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அது எவரும் சிரிக்கக்கூடிய காரணம் அல்ல என்பது மட்டும் போதும். "அவன் தன்ர வாயால ஒருத்தருக்கும் சொன்னதில்லை. வழக்கிலயும் அதைப் பற்றி எழுத விடேல்லை. நீங்களும் சொல்லக் கூடாது" என்றார்.

"சொல்லமாட்டன் அம்மா. நான் தெரியாமச் செய்திட்டன்."

"தெரிஞ்சு செய்தனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை."

கொப்பிக்குக் காசு வேண்டாம் என்றாய். அவர் மேசையில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். அன்று கடையைப் பூட்டும்போதுதான் கேட்டாய். "எடி கௌரி, அவன்ர வேலையைப் பாத்துச் சிரிச்சன், சரி. அவன்ர தலையப் பாத்து ஏன் சிரிச்சன்?"

"ஆக்கள் சிரிப்பினம் எண்டுதான்."

"அது காணுமே?"

அது போதுமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். ஆக்கள் சிரிப்பார்கள் என்பதற்காகத்தானே எல்லாப் பகிடியும் சொல்லப்படுகிறது?

அதையடுத்து வந்த வெள்ளிக்கிழமை நீ மேசையில் துணி விரிக்கவில்லை. தலை வாரவில்லை. செய்தி வாசிக்கிற குரலும் இல்லை. நம் வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னாய். "முந்தி ஒருக்கா தலையில தும்பு வைச்சு ஒரு மனிசரைப் பகிடி பண்ணினனான். அது பிழை. அவரிட்ட மன்னிப்புக் கேக்கிறன். அந்தத் துண்டை எடுத்துப்போட்டன். எஞ்சின் செய்தி அப்பிடியே இருக்கும்."

ஜெயந்தி ஓடி வந்தாள். அவள் அழாத குறை. "அன்ரி, ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்? அவையள் இதைக் கொண்டுவந்து, எதிராளி தானே குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டா எண்டு காட்டப் போகினம். ஒருத்தரும் கேக்காத மன்னிப்பை ஏன் கேட்டனீங்கள்?" காரணத்தை அவளுக்கும் நீ சொல்லவில்லை. உன்னுடைய சொந்தச் சட்டத்தரணிக்கே சொல்லவில்லை, அக்கா.

ஜெயந்தி சொன்னபடியேதான் நடந்தது. நீ சாட்சிக்கூண்டில் நின்ற அன்று, பாடகரின் சட்டத்தரணி அந்த வீடியோவின் எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கொழும்பிலிருந்து வந்தவர், மரியாதையான மனிதர்.

"நீங்களே மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா?"

"ஓம் ஐயா. தும்புக்குக் கேட்டனான். எஞ்சினுக்கு இல்லை."

சபையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், சிரிப்பு அடங்கியது. நீ சிரிக்க வைக்கச் சொல்லவில்லை என்பது என் இடத்திலிருந்து தெரிந்தது. உன் கை கூண்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"உங்களிடம் எவருமே கேட்காத மன்னிப்பு. அதற்கு மட்டும் ஏன் கேட்டீர்கள்? காரணம் என்ன?"

பாடகர் முன் வாங்கில் இருந்தார். அந்தக் கேள்வி வந்ததும் அவர் தன் சட்டத்தரணியை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். அவருடைய சொந்தச் சட்டத்தரணியே, தான் எதைத் தொடுகிறார் என்று தெரியாமல் கேட்டுவிட்டார். நீ ஒரு வசனம் சொன்னால் போதும். அவருக்காக வழக்குப் பேச வந்தவரைவிட நீயே அவரிடம் இரக்கம் உள்ளவள் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

நீ நீதிபதியைப் பார்த்துக் கேட்டாய். "அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாட்டி எனக்குப் பாதகமா ஐயா?"

"பாதகமாக எடுத்துக்கொள்ளப்படலாம்" என்றார் நீதிபதி.

"அப்ப எடுங்கோ."

பாடகர் தலையைக் குனிந்தார். அதன்பிறகு அன்று முழுவதும் நிமிரவில்லை. திரும்பி வரும்போது ஓட்டோவில் நீ உட்துறைமுகத்தில் நின்ற கப்பல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாய். ஏதாவது பெரிதாகச் சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். "எனக்குப் பசிக்குது" என்றாய்.

வழக்கின் அடுத்த தவணை நாளுக்கு நீ இருக்கவில்லை. காலையில் கடையைத் திறந்து, மெஷினைப் போட்டுவிட்டு, கதிரையில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. வழக்குத்தான் உன்னைக் கொன்றது என்று செத்தவீட்டில் பலர் சொன்னார்கள். சிலர் அப்படி எழுதியும் விட்டார்கள். டொக்டர் சொன்னது வேறு. உனக்கு நெடுநாளாகப் பிறசர் இருந்தது, மருந்தை நீ ஒழுங்காகப் போடவில்லை. பாடகர் கொன்றார் என்று நான் சொன்னால் அது பொய்ச் செய்தி. உன் பெயரில் அதை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடைசி மாதங்களில் நீ நித்திரை கொள்ளவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செத்தவீட்டுக்கு நசீர் வந்தார். குச்சவெளியிலிருந்து இன்னும் சில வள்ளக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, கூட்டம் குறையும் வரைக்கும் வெளியில் நின்றார். எஞ்சின் வரவில்லை. "அக்கா போங்க எண்டாங்க, நானும் போய் வாய மூடிட்டு இருந்தன். இனி ஏலாது. அடுத்த தவணைக்கு நான் வாறன். எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்றன். என்ட பேரயும் போடுங்க" என்றார். ஜெயந்தி அவர் சொன்னதை அங்கேயே எழுதி எடுத்தாள். நீ இறந்ததோடு வழக்குத் தானாக நின்றுவிடாது, தொடர்வதா விடுவதா என்று அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். தொடரட்டும் என்றுதான், அக்கா, நான் வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் விட்டுவிட்டார்கள். நசீர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்ற வாசலில் நின்றார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. சொல்ல வந்த மனிதருக்குச் சொல்ல இடம் இல்லாமல் போயிற்று. நீ சொன்னது சரி என்றும் ஒருவரும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. இது எங்கள் வெற்றி என்று கையைக் குலுக்க வந்தார்கள் சிலர். அப்படியா? கிண்ணியாவில் நம்மைப் பின்பற்றிப் பகிடி வீடியோ போடத் தொடங்கிய இரண்டு பெடியன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "தவமணி அக்காக்கே இப்படியெண்டா எங்களுக்கு?" என்றார்கள். அவர்களிடம் நான் எந்த வெற்றியைச் சொல்ல?

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை பாடகர் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார், கமரா இல்லை. தலையில் தொப்பி இருந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு இருந்தார்.

"உங்கட அக்கா ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"உங்கட அம்மாவுக்கு வாக்குக் குடுத்தவ."

அவருக்கு அது தெரியாது. தாய் கடைக்கு வந்ததே தெரியாது. நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அவர் அழுதால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

"எஞ்சின்?"

"எஞ்சினுக்குக் காசு தாறமெண்டவை கடைசி நேரத்தில மாறிட்டினம். எனக்கும் லொறி திரும்பி வெளிக்கிடேக்கதான் தெரியும்."

"அதைச் சொல்லியிருக்கலாமே. ஏன் வழக்குப் போட்டனீங்கள்?"

"எல்லாரும் சிரிச்சவை, அக்கா." அவ்வளவுதான் சொன்னார். சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"இப்ப வெளியில சொல்லுவீங்களா? எஞ்சின் திரும்பிப் போனது உண்மையெண்டு?"

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கொண்டுபோய்க் குசினி வாசலில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. ஆனால் கோபம் வரவில்லை என்பதற்காக அந்தக் கேள்வியை நான் திரும்பப் பெறவும் இல்லை. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நீயும் கேட்டிருப்பாய்தானே?

நேற்று இந்தக் கடிதத்தைப் பற்றி ஜெயந்தியிடம் சொன்னேன். "சின்ன அன்ரி, என்னத்தையும் எழுதுங்கோ, எஞ்சின் கதையை மட்டும் தொடாதேங்கோ. புதுசா வழக்குப் போட அவையளுக்கு இது காணும்" என்றாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் உன்னைப் போல் தைரியக்காரி இல்லை. உன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே, என் முகத்தை எவரும் பார்த்ததில்லை. ஆனாலும் மேலே எழுதிவிட்டேன். நசீரின் பெயரையும் அவர் கேட்டபடியே எழுதிவிட்டேன். எழுதி முடித்தபின் வாசித்துக் காட்டினேன், அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. குசினி மேசையில் இனி நான் இருப்பேன். போனை மேசையில் நிறுத்தி வைக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு உன் குரல் வராது, உன் முகமும் வராது, பகிடி வருமா என்பதே சந்தேகம். எவருடைய உடம்பையும் பார்த்துச் சிரிக்கமாட்டேன். நான் சொன்னது ஒருவரைத் தவறான இடத்தில் குத்தியது என்று தெரியவந்தால், கேட்கும் வரைக்கும் காத்திராமல் மன்னிப்புக் கேட்பேன். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைப்புச் செய்தி ஒன்றுதான். குச்சவெளிக்கு எஞ்சின்கள் இன்றும் வந்து சேரவில்லை. அவை வந்து, வள்ளங்களில் பூட்டி, கடலுக்குள் இறங்குகிற அன்றைக்கு, கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் அவருடைய பெயரை முழுதாகச் சொல்லி, நன்றியும் சொல்லி, அதே மேசையிலிருந்து அதையும் வாசிப்பேன்.

என்றும் உன் தங்கச்சி,
கௌரி
திருகோணமலை